லைன் வீட்டுக் கீரைப்பாத்திகளில் கை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய தேயிலைத் தோட்ட மேலாளர் அவர்களுக்கும் நிர்வாகத்தாருக்கும்,

தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் உள்ள காய்கறி, கீரைப் பாத்திகளை இந்த மாதக் கடைசிக்குள் அகற்றிவிட வேண்டும் என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் மஸ்டர் ஷெட்டில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டிய மறுநாளே கீழ் டிவிஷனில் நடைபாதை ஓரம், வாய்க்கால் கரை எல்லாம் களைக்கொல்லி அடித்தாகிவிட்டது. அங்கே தானாக முளைத்துக் கிடந்த சுக்குட்டிக் கீரையும் குப்பைக்கீரையும் இப்போது சுருண்டு பழுத்துக் கிடக்கின்றன. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆபீசுக்கு வந்து நேரில் சொன்னேன். "கீரைதானேம்மா, கடையில் வாங்கிக்கொள்ளட்டும்" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் அம்மா இங்கே கொழுந்து பறித்தவர். இன்று காலையில் உங்கள் மஸ்டரில் பேர் கொடுக்கும் பெண்களில் பலரைப் பிறந்தவுடன் கையில் வாங்கியவள். அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்காகத்தான், இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காகவும்தான், கேட்கிறேன்.

தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதம் நடக்கும்போதே பிள்ளையின் கண்ணில் ஒரு மஞ்சள் நிறம் சேரத் தொடங்கிவிடுகிறது. விழித்திரையின் நடுவில், பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் சிறு இடத்தில் அது படிகிறது. அந்த இடத்தை மாகுலா என்பார்கள். ஊசியில் நூல் கோக்கவும், எழுத்துக் கூட்டிப் படிக்கவும், எதிரே வருபவர் முகத்தை அடையாளம் காணவும் நமக்கு உதவுவது அந்த இடம்தான். அங்கே சேரும் மஞ்சள், லூட்டின், சீயாசாந்தின் என்ற நிறமிகள். மனித உடம்பால் இவற்றைத் தானாக உண்டாக்க முடியாது. செடிதான் உண்டாக்க வேண்டும். கீரையின் பச்சைக்கு அடியில் இந்த மஞ்சள் மறைந்திருக்கிறது. தாய் சாப்பிட்ட கீரையிலிருந்து அவள் இரத்தத்துக்கு வந்து, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் அங்கே இருக்கிறது. அப்படியிருக்க, தாயிடமே இல்லாவிட்டால் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? கண்ணுக்கு மட்டும் என்றும் இல்லை. கைக்குழந்தைகளின் மூளையில் இருக்கும் இந்த வகை நிறமிகளில் பாதிக்கும் மேல் லூட்டின்தான் என்று ஆராய்ச்சி சொல்கிறது.

கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தின் நீலப் பகுதியை இந்த மஞ்சள் வடிகட்டுகிறது. வெளிச்சத்தால் விழித்திரைக்கு உண்டாகும் சேதத்தையும் தணிக்கிறது. பிறந்த குழந்தையின் கண்வில்லை பளிங்குபோலத் தெளிவானது. பெரியவர்களின் வில்லை தடுத்துவிடும் நீல வெளிச்சத்தில் பெரும்பகுதியை அது அப்படியே உள்ளே விட்டுவிடும். சரியாக அந்தக் காலத்தில்தான் மாகுலாவில் மஞ்சள் மிகச் சொற்பமாக இருக்கிறது. முதல் சில வருடங்களில் சாப்பாட்டைப் பொறுத்து மெல்ல மெல்ல ஏறுகிறது.

பிரசவமான முதல் நாள்களில் சுரக்கும் சீம்பால் ஏன் மஞ்சளாக இருக்கிறது? இதே குடும்பத்து நிறமிகள்தான் காரணம். பின்னால் ஊறும் பாலைவிடச் சீம்பாலில் இவை பல மடங்கு அதிகம். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விழுந்து காய்ந்தால் ஓரத்தில் மஞ்சள் வட்டம் தெரியும். "இது கெட்ட பால், பீய்ச்சிக் கீழே விடு" என்று சொன்ன எத்தனையோ மாமியார்களிடம் அந்தத் துணியைக் காட்டி வாதாடியிருக்கிறேன். இந்த லைன்களில் இன்று எந்தத் தாயும் சீம்பாலைக் கொட்டுவதில்லை. நிர்வாகமோ டாக்டரோ வந்து நிறுத்திய வழக்கம் இல்லை இது. பெண்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள், நிறுத்தினார்கள். ஆனால் சீம்பாலில் மஞ்சள் ஏறுவதற்கும் தாயின் தட்டில் கீரை விழ வேண்டும்.

அப்புறம் மாலைக்கண். கேரட்டிலும் கீரையிலும் பூசணியிலும் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு விழித்திரைக்கு வேண்டிய ரோடாப்சின் என்ற பொருள் அதிலிருந்துதான் உருவாகிறது. வயிற்றுப் பிள்ளை வேகமாக வளரும் கடைசி மூன்று மாதங்களில் தாயின் கையிருப்பு கரையும். அப்போதுதான் மாலைக்கண் தலைகாட்டும்.

மேல் டிவிஷனில் நான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த லைன் பாறை மேல் கட்டியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் மண் கிடையாது. ஒருவர் வீட்டிலும் பாத்தி இல்லை. அவளுக்கு எட்டாம் மாதம். சாயங்காலம் எடை போட்டு முடித்து, தூறலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாதை நன்றாகவே தெரிந்தது. அவள் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துத் தேயிலைச் செடியின் தலையைத் தடவித் தடவிப் போனாள். படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்தில் கால் காற்றில் துழாவி நின்றது. "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டேன். "இல்லைங்கம்மா, இருட்டிடுச்சு" என்றாள். இன்னும் இருட்டவே இல்லை. தினமும் அந்த நேரத்துக்கு அப்படித்தான் இருப்பதாகவும், கர்ப்பத்தில் எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று மாமியார் சொன்னதாகவும் சொன்னாள். மாமியாருக்கும் அப்படித்தான் இருந்ததாம். ஒரு தலைமுறை முழுக்க அதை இயல்பு என்று நினைத்துக்கொண்டே அந்தப் படிகளில் இறங்கியிருக்கிறது. கீழ் டிவிஷனில் ஒவ்வொரு வீட்டுக்கும் பாத்தி உண்டு. என் வேலைக்காலம் முழுவதும் அங்கே கர்ப்பிணிகளிடம் இதை அபூர்வமாகத்தான் பார்த்தேன். மேலேயும் கீழேயும் கூலி ஒன்று, ரேஷன் ஒன்று, மாத்திரை ஒன்று. நான் கண்ட ஒரே வித்தியாசம் பின்கட்டில் இருந்த அந்த நாலு முழ மண். இப்போது கீழ் டிவிஷனையும் மேல் டிவிஷன் ஆக்கப் பார்க்கிறீர்கள்.

அரசாங்கம் வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கிறதே என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். கொடுக்கிறது. 1970இல் இருந்து இந்தியாவில் அந்தத் திட்டம் நடக்கிறது. ஆனால் முதல் தவணை பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்தில்தான், தட்டம்மைத் தடுப்பூசியோடு, ஒரு லட்சம் யூனிட். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட், ஐந்து வயது வரை. அந்த ஒன்பதாம் மாதத்துக்கு முன்னால்? வயிற்றில் இருக்கும் காலம் முழுவதும், பிறந்த பிறகு பால் மட்டும் குடிக்கும் மாதங்களும்? அந்தக் காலத்துக்குச் சொட்டு கிடையாது. அவ்வளவு பெரிய அளவைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கவும் கூடாது, பிள்ளைக்குப் பிறவிக் குறை உண்டாக்கக்கூடும். கீரை, காய் வழியாக வரும் கரோட்டினுக்கு அந்தப் பயம் இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் அதை வைட்டமினாக மாற்றும். இன்னொன்றையும் கவனியுங்கள். சொட்டில் இருப்பது வைட்டமின் ஏ மட்டும். லூட்டின் அதில் இல்லை. அங்கன்வாடி சத்துமாவையும் நான் குறை சொல்லவில்லை. அது பசியாற்றும், எடை கூட்டும். ஆனால் கீரை செய்கிற வேலையை மாவு செய்யாது.

கீரைக்குப் பதிலாகத் தோட்டத்துக் கடையில் மலிவு விலையில் கேரட் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தாருங்கள், வாங்கிக்கொள்கிறோம். கேத்தி பள்ளத்தாக்கில் விளையும் கேரட்டெல்லாம் நம் கண் முன்னால் லாரியேறி மேட்டுப்பாளையம் இறங்கிப் போகிறது. இந்த மலையின் கேரட் இந்த மலையின் கர்ப்பிணிக்கும் கிடைக்கட்டும். ஆனால் கீரைக்குக் கேரட் ஈடாகாது. கேரட்டில் பீட்டா கரோட்டின் ஏராளம், அதனால் மாலைக்கண்ணுக்கு நல்லது. லூட்டினோ அதில் நூறு கிராமுக்கு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. நூறு கிராம் பாலக்கீரையில் லூட்டினும் சீயாசாந்தினும் சேர்ந்து சுமார் 12 மில்லிகிராம் இருக்கிறது. மாகுலாவுக்குப் போகிற மஞ்சளைத் தருவது கீரை.

கடையில் வாங்கலாம் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நம் கடைக்கு வரும் கீரை கீழே சமவெளியிலிருந்து வருகிறது. மலையேறி வந்து சேரும்போதே வாடியிருக்கும். சம்பளம் போட்ட வாரத்தில் வாங்குவார்கள், அடுத்த வாரத்தில் வாங்க மாட்டார்கள். கூடையை இறக்கி, பிள்ளையைக் காப்பகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு, கடைக்குப் போய் வர நேரமும் இல்லை, காலில் தெம்பும் இல்லை. பின்கதவைத் திறந்தால் பாத்தி. ஒரு பிடி முளைக்கீரை, நாலு மேரக்காய் (சௌசௌ) கொழுந்து, இரண்டு பூசணி இலை. கடுகு தாளித்து ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கினால் பத்து நிமிடத்தில் ஆயிற்று. அந்த எண்ணெய்கூட முக்கியம். கொழுப்பு சேராமல் இந்த நிறமிகள் உடம்பில் ஒட்டாது. எந்தப் புத்தகமும் படிக்காமலே நம் பெண்கள் சரியாகத்தான் சமைக்கிறார்கள். இந்த உயரத்துக் குளிரில் முருங்கை சரியாக வருவதில்லை. சமவெளியில் வீட்டுக்கு ஒரு முருங்கை இருப்பதுபோல இங்கே நமக்கு இந்தப் பாத்தி.

இதையெல்லாம் யாரோ வெளியூர்க்காரர்கள் கண்டுபிடித்த புதுக்கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் உணவுச்சத்து ஆராய்ச்சி தொடங்கியதே பக்கத்திலிருக்கும் குன்னூரில். 1918இல் பாஸ்டர் ஆய்வு நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஆரம்பித்தார். 1958இல் ஐதராபாத்துக்கு மாறிப்போய், இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக இருப்பது அந்த ஆய்வுக்கூடம்தான். இந்திய உணவுகளில் எதில் என்ன சத்து என்ற அட்டவணை 1937இல், மெக்காரிசனுக்குப் பிறகு இயக்குநராக வந்த ஐக்ராய்ட் காலத்தில் அங்கிருந்துதான் வெளிவந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குப் பேறுகாலத்தில் வந்த இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற டாக்டரம்மாவும் குன்னூரில் வேலை செய்திருக்கிறார். அவர் தேடிய சத்தைப் பிறகு 1941இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்ததும் கீரையிலிருந்துதான். இன்று நம் கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் அது. உழைக்கும் பெண்ணின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று இந்தியாவுக்கே சொல்லிக்கொடுத்த மலை இது. இந்த மலையில் இருந்துகொண்டு, இருக்கிற கீரையையும் பிடுங்கலாமா?

வயதானவர்களையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1994இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இந்தக் குடும்பத்து நிறமிகளை உணவில் அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்கு முதுமையில் வரும் மாகுலா சிதைவு முற்றிய நிலையில் இருப்பது 43 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. நோய் தொடங்கிவிட்டவர்களுக்கு அது முற்றுவதைத் தள்ளிப்போட அங்கே கொடுக்கும் மாத்திரையில் 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் சீயாசாந்தினும் இருக்கின்றன. 2013இல் முடிந்த பெரிய சோதனைக்குப் பிறகு வந்த அளவு அது. இங்கே ஓய்வு பெற்ற கிழவிக்கு அந்த மாத்திரையை யார் வாங்கித் தருவார்கள்? இந்தச் சரிவுகளில் நாற்பது வருடம் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளிய கண் அது. உங்கள் தேயிலையின் தரம் அந்தக் கண்ணில்தான் இருந்தது.

நீங்கள் சொன்ன காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. பாத்திகளைத் தேடிக் காட்டுமாடு வருகிறது, பன்றி வருகிறது, ஆளுக்கு ஆபத்து என்கிறீர்கள். காட்டுமாடு வருவது உண்மைதான். விடிகாலையில் கதவைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு நிற்கும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பாத்தியே இல்லாத மேல் லைனுக்கும் அது வருகிறது, குப்பைத் தொட்டியைத் தேடிக் கரடியும் வருகிறது. லைன் விளக்குகள் எரியாமல் கிடப்பதும், குப்பை வாரக்கணக்கில் அள்ளாமல் கிடப்பதும் கீரையைவிடப் பெரிய அழைப்பு. மிருகங்கள் கூட்டமாகத் தேடி வருவது வாழைக்கும் கிழங்குக்கும் பலாவுக்கும்தான். அவற்றை லைனுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்றால் நாங்களே எடுத்துவிடுகிறோம். முழங்கால் உயரக் கீரையை ஏன் தண்டிக்க வேண்டும்? அந்த இடத்தில் தேயிலை நடலாம் என்று நினைத்தால், நட்டு எத்தனை கிலோ கொழுந்து எடுத்துவிடப் போகிறீர்கள் என்றும் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். லைனுக்குப் பின்னால் உள்ள நிழல் மண் அது. கழிவுநீர் ஓடும் ஓரம். செடி பிடிப்பதே கஷ்டம்.

பிள்ளைக் காப்பகத்தைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க முடியாது. 50 பெண் தொழிலாளிகள் இருந்தால் காப்பகம் நடத்த வேண்டும் என்று 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் காப்பகத்துப் பிள்ளைகளுக்குப் பாலோடு முட்டையும், காப்பகத்தின் பின்னால் ஆயா போட்ட பாத்தியிலிருந்து கீரை மசியலும் உண்டு. முட்டையின் மஞ்சள் கருவுக்கு அந்த நிறம் வருவதும் இதே லூட்டின், சீயாசாந்தினால்தான். கருவிலேயே கொழுப்பு இருப்பதால் உடம்பு அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். இப்போது பாலும் பிஸ்கட்டும்தான். செலவு மிச்சம் என்று முட்டையை நிறுத்தினீர்கள். ஆயாவின் பாத்தி இருந்த இடத்தில் ஜீப் நிற்கிறது. மாகுலாவில் மஞ்சள் ஏறவேண்டிய வயதுப் பிள்ளைகள் எட்டு மணி நேரம் இருக்கும் இடம் அது.

நிர்வாகத்திடம் நான் கேட்பவை இவை. பாத்திகளை அகற்றச் சொல்லும் அறிவிப்பை உடனே திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே பிடுங்கப்பட்ட வீடுகளுக்கு, வரும் மழைக்கு முன்னால் அதே இடத்தில் மறுபடி பாத்தி போட எழுத்தில் அனுமதி கொடுங்கள். வாய்மொழி அனுமதி வேண்டாம், மேலாளர் மாறினால் அது போய்விடும்.

லைன் வீடுகள், காப்பகம், டிஸ்பென்சரி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைச் சுற்றியும் பெண்கள் கீரை பறிக்கும் வாய்க்கால் கரைகளிலும் களைக்கொல்லி அடிப்பதை அடியோடு நிறுத்துங்கள். அங்கே களை எடுக்க வேண்டுமென்றால் ஆள் விட்டுக் கையால் எடுங்கள். எது களை, எது கீரை என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும். இப்போது மருந்து அடித்த இடங்களில் கீரை பறிக்க வேண்டாம் என்று லைன் லைனாக நான் சொல்லிவருகிறேன். அதைச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. எந்தெந்த இடத்தில், எந்தத் தேதியில், என்ன மருந்து அடித்தீர்கள் என்று மஸ்டர் ஷெட்டில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

மேல் டிவிஷனில் மண் இல்லாத லைனுக்கு, பழைய நாற்றங்கால் பக்கம் சும்மா கிடக்கும் நிலத்தில் வீட்டுக்கு ஒரு பாத்தி ஒதுக்கி வேலி போட்டுக் கொடுங்கள். காப்பகத்தில் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாளாவது முட்டையும் தினமும் கீரையும் மறுபடி தொடங்குங்கள். ஜீப்பை வேறு இடத்தில் நிறுத்தலாம். கர்ப்பம் பதிவாகும் அன்றே "சாயங்காலம் பார்வை எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியை டிஸ்பென்சரியில் கேட்கச் சொல்லுங்கள். பிரசவம் வரை ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்டு அட்டையில் எழுதட்டும். காசு செலவில்லாத வேலை. மாலைக்கண் என்று சொல்லும் பெண்ணை அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வண்டி கொடுங்கள், அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். பேச வேண்டுமென்றால் ஆபீசுக்கு வரத் தயாராக இருக்கிறேன். கர்ப்பிணிகள் இரண்டு பேரும் காப்பகத்து ஆயாவும் என்னோடு வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவச்சி,
கீழ் டிவிஷன் லைன்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.